ரோஸ்டரில் இல்லாத பெயர்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை 'கிரேன்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெயரை வைத்து ஆளை ஆறடியாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். என்னைவிட இரண்டு விரற்கடை உயரம், அவ்வளவுதான். சட்டைக் கைக்குள் புஜம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். ஆனாலும் நூறு கிலோ நோயாளியைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற வேண்டுமா, போதையில் கையை வீசுகிறவனைப் பிடித்து வைக்க வேண்டுமா, லிப்ட் வேலை செய்யாத நாளில் ஆக்சிஜன் சிலிண்டர் மூன்றாவது மாடிக்கு ஏற வேண்டுமா, "கிரேனைக் கூப்பிடு" என்பார்கள். அவர் எங்களைப் போலவே நான்கு வருஷம் படித்துப் பட்டம் வாங்கிய ஸ்டாஃப் நர்ஸ். ஆண் என்கிற ஒரே காரணத்தால் பாதி நேரம் சுமை தூக்கினார்.

நேரில் 'பிரதர்' என்று கூப்பிடுவோம். சிஸ்டருக்கு ஆண்பால் பிரதர் என்று எந்த மகராசன் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. நோயாளிகள் வாயில் அதுவும் வராது. அவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் முதலில் "டாக்டர்" என்பார்கள். பெண் நர்ஸ்களுக்கு ஆஸ்பத்திரி உடுப்பு தைத்துக் கொடுத்தது. ஆண் நர்ஸுக்கு என்ன உடுப்பு என்று விதியில் இல்லை. ஆகவே ஆய்வகத்துக்காரர்களுக்கு வாங்கியதில் மீந்த கோட்டு ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். "நான் டாக்டர் இல்லைங்க, நர்ஸ்" என்று அவர் சொன்னதும் கேட்டவர் முகம் ஒரு படி இறங்கும். அடுத்த வாக்கியமே ஒருமையில் வரும்: "அப்ப தம்பி, அந்தப் பெட்பேனைக் கொஞ்சம் எடு."

பெட்பேன் எடுப்பதில் அவருக்கு ஒரு சங்கடமும் கிடையாது. அந்த 'அப்ப' என்ற வார்த்தைதான் அவரைச் சுடும்.

அவருடைய அப்பா லாரி மெக்கானிக். டாக்டர் சீட்டுக்கு மகனுக்கு மூன்று மார்க் குறைந்தது. பட்டியலில் அடுத்து கிடைத்தது நர்சிங். "நாலு வருஷம் படிச்சு ஊரான் வீட்டு மூத்திரத்தை அள்ளப் போறியா? என்கூட ஷெட்டுக்கு வந்தா கிரீஸாவது அள்ளலாம்" என்றாராம் அப்பா. இவர் பிடிவாதமாகப் போய்ச் சேர்ந்தார். அறுபது பேர் வகுப்பில் ஆண்கள் நான்கு பேர். மூன்றாம் வருஷம் பிரசவ வார்டில் பயிற்சி. பெண்கள் உள்ளே போனார்கள். நான்கு பையன்களையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளிருந்து வந்த பெண்கள் நோட்டில் எழுதியதைப் பார்த்து இவர்கள் தங்கள் நோட்டில் காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் பயிற்சி.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர்கள் கண் முன்னாலேயே டாக்டர் படிப்புப் பையன்கள் ஏழெட்டுப் பேர் பிரசவ அறைக்குள் போனார்கள். இவர் எழுந்து டீச்சரிடம் கேட்டார்.

"மேடம், அவங்களும் ஆம்பளைங்கதானே?"

"அவங்க டாக்டராகப் போறவங்கப்பா."

"டாக்டரானா கண்ணு தெரியாதா மேடம்?"

இந்தக் கேள்விக்காக அவரை ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அந்த வருஷம் அவர் நோட்டில் இருபது பிரசவம் இருந்தது. கண்ணால் பார்த்தது ஒன்றுகூட இல்லை. இதை என்னிடம் சொல்லும்போது, "நான் பாத்தது எல்லாம் ரப்பர் பொம்மைக்குப் பொறந்த ரப்பர் பொம்மைதான் சிஸ்டர்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய கை எப்படிப்பட்ட கை என்பது குழந்தைகள் வார்டில்தான் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆள் பற்றாக்குறை என்று மூன்று மாதம் அங்கே போட்டிருந்தார்கள். சின்னக் குழந்தைக்கு ரத்தக் குழாயில் ஊசி ஏற்றுவது என்ன பாடு என்று அந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். குழாய் நூல் கனம்தான் இருக்கும். தோலுக்கடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். குழந்தை வீறிடும், தாய் அதைவிட வீறிடுவாள். இவர் அவசரப்பட மாட்டார். குழந்தையின் கையைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து இரண்டு நிமிஷம் சூடு ஏற்றுவார். உள்ளங்கைக்கு அடியில் சின்ன டார்ச்சைப் பிடித்து, சிவப்பாகத் தெரிகிற சதைக்குள் கறுப்புக் கோட்டைத் தேடுவார். நாக்கில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர். குழந்தை சப்புக்கொட்டி முடிப்பதற்குள் ஊசி உள்ளே இருக்கும். ஒரே குத்து. பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, "முடிஞ்சுது ராசா, முடிஞ்சுது" என்பார்.

மூன்று மாதம் முடிந்ததும் ஆண்கள் எலும்பு முறிவு வார்டுக்கு அனுப்பினார்கள். தொடை உடைந்தவர்கள், இடுப்பு உடைந்தவர்கள், புரட்டவும் தூக்கவும் ஆள் வேண்டியவர்கள். கிரேன் என்ற பட்டம் அங்கேதான் விழுந்தது. பதினொரு வருஷமாக அங்கேயே கிடக்கிறார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மூன்றாவது மாடியில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் நர்ஸ். மாதம் நிறையாமல், எடை இல்லாமல் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிற இடம். நான் கேட்டது எலும்பு ஆப்பரேஷன் தியேட்டர். சுத்தியல், ரம்பம், திருகாணி, எக்ஸ்ரே என்று அந்த வேலையில் எனக்கு அப்படி ஒரு ஆசை. சூப்பரிண்டெண்ட் மேடம் என் மனுவைப் படித்துவிட்டு, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா அந்தத் தச்சு வேலை? குழந்தைகளைப் பாத்துக்கோ, மனசுக்கும் நல்லது" என்றார். பெண்ணாகப் பிறந்தவளுக்குக் குழந்தை வளர்ப்பு தன்னால் கைகூடும் என்று அவருக்கு எண்ணம். எனக்குக் குழந்தைகள் மேல் வெறுப்பில்லை. ஆனால் ஆயிரம் கிராம் குழந்தையின் கையில் குழாயே எனக்குப் பிடிபடாது. மூன்றுக்கு இரண்டு தடவை ஊசி தவறும். அங்கே ஒருவருக்குப் பிடித்த வேலை இங்கே ஒருத்தி கையில் கெட்டுக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு வருஷமும் எந்தப் பிரிவு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். பிரதர் ஒவ்வொரு வருஷமும் பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று எழுதினார். ஏழாவது தடவை மறுத்தபோது நேரே சூப்பரிண்டெண்ட் அறைக்குப் போனார். ஒரு கையெழுத்துக்காக நானும் அப்போது அந்த அறையில் நின்றிருந்தேன்.

"மேடம், என் முதுகு போச்சு. டாக்டர் சர்ட்டிபிகேட் வச்சிருக்கேன். அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கார். அந்த மாடில இருக்கிறதிலேயே பெரிய நோயாளி ரெண்டரைக் கிலோ."

மேடம் சிரித்துவிட்டார். உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "புரியுதுப்பா. ஆனா அங்க தாய்மாருங்க பால் குடுக்கிற இடம் இருக்கு. சங்கடப்படுவாங்க."

"அதுக்குத் திரை இருக்கு மேடம். நான் திரைக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். அந்த யூனிட் டாக்டரும் ஆம்பளைதானே?"

"அவர் டாக்டர்."

"அதையேதான் மேடம் காலேஜ்லயும் சொன்னாங்க."

"வாதம் பண்ணாதே. போன மாசம் ஒரு சிஸ்டருக்கு முதுகு வலின்னு அந்த யூனிட் குடுத்தோம். உனக்கு ஸ்டோர்ல ஏதாவது பாக்கிறேன்."

அந்த சிஸ்டரும் அவர் கொடுத்தது போன்ற சர்ட்டிபிகேட்டைத்தான் கொடுத்தார். எழுதியவரும் அதே டாக்டர். நான் வாய் திறக்கவில்லை. எனக்கு வேண்டிய கையெழுத்தை மேடத்திடம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பிள்ளை பெற்ற தாய்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெட்கம் வெட்கம்தான். ஆனால் அந்தத் தாய்களில் ஒருத்தியிடமாவது யாராவது கேட்டார்களா என்றால், இல்லை. அவர்கள் சார்பில் சங்கடப்படவும் ஆபீஸிலேயே ஆள் இருந்தது.

ஸ்டோருக்கும் அனுப்பவில்லை. எலும்பு வார்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு தூக்கினார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் எங்கள் பிரிவில் ஒரு குழந்தைக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கியது. உடனே மருந்து ஏற்றாவிட்டால் வலிப்பு வந்துவிடும். நான் இரண்டு தடவை குத்தினேன். இன்னொரு சிஸ்டர் மூன்று தடவை. குழந்தை டாக்டர் ஒரு தடவை. குழந்தையின் கையும் காலும் நீலப் புள்ளியாகிவிட்டது. டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "கீழ எலும்பு வார்டுல ஒருத்தர் இருக்காரே, முன்ன குழந்தை வார்டுல இருந்தவர். கூப்பிடுங்க" என்றார்.

அவர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தார். கையைக் கழுவினார். குழந்தையின் இடது காலைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அறையில் எத்தனை பேர் நிற்கிறோம் என்பதையே மறந்தவர்போல நின்றார். ஒரே குத்து. ரத்தம் ஊசியில் ஏறியதைப் பார்த்து நான் என்னை அறியாமல் "அப்பாடா" என்றேன்.

கேஸ் ஷீட்டில் யார் ஊசி ஏற்றியது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேனாவை எடுத்தார். டாக்டர் தடுத்தார். "நீங்க வேண்டாம். இந்த யூனிட் டூட்டி ரோஸ்டர்ல உங்க பேர் இல்ல. நாளைக்கு யாராவது கேட்டா வம்பு. சிஸ்டர், நீங்க போட்டுடுங்க."

நான் போட்டேன்.

ஒரு தடவை செய்ததே பிறகு பழக்கமாகிவிட்டது. ஊசி ஏறாவிட்டால் கீழே போன் போகும், அவர் வருவார், ஏற்றுவார், போவார். கையெழுத்து என்னுடையது. நாளாக ஆக, நாங்கள் முயற்சி செய்வதையே விட்டுவிட்டோம். குழந்தைக்கு ஒரு குத்து மிச்சம் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அது பொய்யும் இல்லை. அதனால்தான் விட முடியவில்லை.

ஒரு நாள் அவரே கேட்டார். "சிஸ்டர், இதெல்லாம் உங்க பேர்ல போகுதே, உங்களுக்கு உறுத்தலையா?"

"உறுத்துது பிரதர். என்ன பண்றது, ரூல் அப்படி."

"ம்" என்றார். அவ்வளவுதான். கீழே யாரையோ புரட்ட வேண்டும் என்று போய்விட்டார்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. அப்புறம்தான் அந்த விழா வந்தது. ஆஸ்பத்திரி முழுவதும் கேஸ் ஷீட்டுகளை எடுத்து, எந்த நர்ஸ் முதல் குத்திலேயே ஊசி ஏற்றுகிறார் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். முதலிடம் எனக்கு. சூப்பரிண்டெண்ட் மேடமே போன் செய்து வாழ்த்தினார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "தேங்க்ஸ் மேடம்" என்றேன்.

கூட்ட அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, மைக் வைத்து, எல்லாப் பிரிவிலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேடம் மைக்கில் பேசினார். "சில விஷயங்கள் பெண்களுக்கே உரியது. ஒரு தாயோட கை எப்படி மென்மையா இருக்குமோ, அப்படி ஒரு கை நம்ம சிஸ்டருக்கு. இதை எந்தக் காலேஜும் கத்துத் தர முடியாது. பிறவியிலேயே வரணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் மேடைக்குப் போய்ச் சான்றிதழையும் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது கடைசி வரிசைக்கு முன்வரிசையில் அவரைப் பார்த்தேன். அவரும் தட்டிக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், ஒரு கை மேல் இன்னொரு கையை மெல்ல வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை டாக்டர் தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம், காலை பத்து மணி சுமாருக்கு, ஆயிரத்து நூறு கிராமில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு ஊசி ஏறவில்லை. போன் செய்தேன். 

"வர்றேன். ஆனா ஷீட்ல கையெழுத்து நான்தான் போடுவேன்."

"பிரதர், டாக்டர் என்ன சொல்வாரோ..."

"அவர் எதையாவது சொல்லட்டும். நான் வர்றேன்."

வந்தார். எப்போதும்போலக் கை கழுவி, சூடு ஏற்றி, தேடி, குத்தினார். பிளாஸ்திரி ஒட்டினார். பிறகு ஷீட்டை என் கையிலிருந்து வாங்கினார். பிடுங்கினார் என்று சொன்னாலும் சரிதான். தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். அதற்குக் கீழே 'ஸ்டாஃப் நர்ஸ், ஆண்கள் எலும்பு முறிவு வார்டு' என்று எழுதினார். பேனா அழுத்தியதில் அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்தது.

அன்று மதியமே குழந்தையின் அப்பா அந்த ஷீட்டைப் பார்த்துவிட்டார். "எலும்பு வார்டு ஆம்பளை நர்ஸுக்கு என் பொண்ணுகிட்ட என்ன வேலை? இங்க லேடீஸே இல்லையா?" என்று ஆபீஸில் போய்க் கத்தினார். குழந்தை நன்றாக இருந்தது. ஊசி நன்றாக ஏறியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவருக்கு மெமோ வந்தது: அனுமதியில்லாமல் வேறொரு பிரிவில் நுழைந்து சிகிச்சை செய்ததற்கு விளக்கம் கேட்டு.

விசாரணைக்கு மூன்று பேர். சூப்பரிண்டெண்ட் மேடம், நிர்வாக அதிகாரி, ஒரு மூத்த சர்ஜன். நீளமான மேஜை, அதன் மேல் தண்ணீர் பாட்டில்கள். எங்களை ஒரு பக்கமாக உட்கார வைத்தார்கள். குழந்தை டாக்டரைக் கேட்டார்கள். "அன்னைக்கு அவசரம். யாரோ கூப்பிட்டாங்க. யார் கூப்பிட்டாங்கன்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்ல" என்றார். அடுத்து நான்.

"சிஸ்டர், இவரை நீங்க கூப்பிட்டீங்களா?"

"ஆமா சார்."

"இதுக்கு முன்னாடி கூப்பிட்டிருக்கீங்களா?"

என் கையெழுத்துகள் எல்லாம் கண் முன் வந்தன. பொய்க் கையெழுத்து போட்ட நர்ஸுக்கு வேலை போகலாம். என் வாய் தானாகவே பேசியது.

"இல்ல சார். இதுதான் முதல் தடவை."

பக்கத்தில் பிரதர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜை மேலிருந்த பாட்டிலின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிர்வாக அதிகாரி, "அப்ப நீங்களாவே ஆர்வக் கோளாறுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று அவரிடம் சொல்லி ஏதோ குறித்துக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் அவர் பின்னாலேயே ஓடினேன். "பிரதர், ஒரு நிமிஷம்."

நின்றார். என் கைகளைப் பார்த்தார். "போங்க சிஸ்டர். மென்மையான கை. பத்திரமா வச்சுக்கங்க" என்றார்.

அந்தச் சொல் நான்கு நாள் என்னைத் தின்றது. சாப்பிட உட்கார்ந்தால் கையைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் பஸ் கழுவுகிற சத்தம். அவர் கடைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னாள். நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துணியை மடித்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க மட்டும் பண்ணலைங்க. எங்க கல்யாணப் பத்திரிகைல இவர் பேருக்குக் கீழ என்ன போட்டிருந்தோம் தெரியுமா? 'மருத்துவத் துறை'. எங்கப்பா பண்ண வேலை. சொந்தக்காரங்க பாதிப் பேர் இன்னும் டாக்டர்னுதான் நெனச்சுட்டிருக்காங்க. போன் பண்ணி வயித்து வலிக்கு மாத்திரை கேப்பாங்க. நான் திருத்தினதே இல்ல. பக்கத்து வீட்டுல கேட்டாலும் 'ஆஸ்பத்திரில இருக்கார்'னு நிறுத்திக்குவேன். மீதிய அவங்களே போட்டுக்கட்டும்னு."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? ஒரு தடவை கேட்டார். 'நான் நர்ஸுன்னு சொல்ல உனக்கு என்ன கேடு'ன்னு. பதில் சொல்லல. என்ன சொல்றது? நல்ல வேலைன்னு எனக்குத் தெரியும். வெளிய சொல்றப்ப நாக்கு வரமாட்டேங்குது."

அப்போது அவர் கையில் பையோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றார். "சிஸ்டருக்கு டீ குடுத்தியா?" என்று மனைவியிடம் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் போய் உண்மையைச் சொல்லிடறேன் பிரதர்" என்றேன்.

"சொல்லுங்க, சொல்லாதீங்க, அது உங்க இஷ்டம். எனக்காகச் சொல்றேன்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்கு யாரும் பெரிய மனசு பண்ண வேண்டாம்" என்றார். குரலில் கோபம் அடங்கவே இல்லை. அடங்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை நானே மறு விசாரணை கேட்டு எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருஷத்து ஷீட்டுகளில் எது நான் குத்தியது, எது அவர் குத்தியது என்று எனக்கு நினைவிருந்த அளவுக்குப் பிரித்து ஒரு பட்டியல் தயாரித்தேன். என்னுடையதெல்லாம் சேர்த்து அரைப் பக்கம். அவருடையது ஆறு பக்கம். அதே நீள மேஜையில் பட்டியலை வைத்தேன், கூடவே சான்றிதழையும்.

சூப்பரிண்டெண்ட் மேடம் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். "ஏம்மா, என்னை மைக்குல அவ்வளவு பேச விட்டியே" என்றார். அவருக்கு வந்த கோபம் அதற்குத்தான்.

"மேடம், நீங்க அப்படிப் பேசினது என் கையைப் பத்தி இல்ல. ஒரு ஆம்பளைக் கையைப் பத்தி. அது உங்களுக்குத் தெரியல. அப்ப அந்தக் கைல என்ன மேடம் குறை?" என்று கேட்டேன். அவர் பட்டியலை மறுபடியும் முதல் பக்கத்துக்குத் திருப்பினார். சர்ஜன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சான்றிதழைத் திருப்பி எடுத்துக்கங்க சார்" என்று நிர்வாக அதிகாரியிடம் நீட்டினேன்.

"அதைத் திரும்ப வாங்கறதுக்கு ரூல் இல்லம்மா" என்றார்.

முடிவு ஒரு மாதம் கழித்து வந்தது. எனக்குச் சர்வீஸ் புத்தகத்தில் கண்டனம். நியாயம்தான். குழந்தை டாக்டருக்கு ஒன்றும் இல்லை. பிரதருக்கு வந்த ஆணையைத்தான் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. மெமோ ரத்து. இனி தேவைப்படும்போது அவரைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு அழைக்கலாம். அவரே கையெழுத்துப் போடலாம். ஒரு பெண் நர்ஸ் கூடவே நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் தன் வார்டுக்குத் திரும்பிவிட வேண்டும். பணியிட மாற்றம் பற்றி ஒரு வரி: 'தற்போது பரிசீலிக்க இயலாது.'

அவர் அதை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "வாசப்படி வரைக்கும் வரலாம், உள்ள உக்காரக் கூடாது. அப்படித்தானே?" என்றார்.  கையெழுத்தாவது கிடைத்ததே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். இத்தனை வருஷம் கேட்டவனுக்கு ஒரு கையெழுத்தைக் கொடுத்து, சந்தோஷப்படு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

இப்போது அவர் வருகிற நாட்களில் நான்தான் பெரும்பாலும் கூட நிற்கிறேன். தாய்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: இவர் நர்ஸ், ஆண், இந்த வேலையில் இங்கே இவரை மிஞ்ச ஆள் இல்லை, உங்களுக்குச் சம்மதமா என்று. இதுவரை இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிவிட்டார். மற்றவர்கள் எல்லோரும், "குழந்தைக்கு வலிக்காம இருந்தா சரி" என்றார்கள். முதலிலேயே இப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. மேடம் மேல் வருகிறது, டாக்டர் மேல் வருகிறது, முக்கால்வாசி என் மேலேயே வருகிறது.

இந்த வருஷம் அவர் மறுபடியும் எழுதிக் கொடுத்தார். மறுபடியும் மறுத்தார்கள். இந்தத் தடவை காரணம், அந்தப் பிரிவில் ஆண்களுக்கு உடை மாற்றும் அறை இல்லையாம். குழந்தை டாக்டர் எங்கே உடை மாற்றுகிறார் என்று கேட்டு ஒரு கடிதம் போட்டார். பதில் வரவில்லை. அதற்கப்புறம் வேலையில் பாரபட்சம் பற்றி விசாரிக்கிற ஆணையத்துக்கு மனுப் போட்டுவிட்டார். மனுவை டைப் அடித்துக் கொடுத்தது அவர் மனைவி. மனுதாரரின் தொழில் என்ற இடத்தில் 'செவிலியர்' என்று அவளே அடித்து, தடித்த எழுத்தில் போட்டிருந்தாள்.

என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். சூப்பரிண்டெண்ட் மேடம் வராந்தாவில் என்னை நிறுத்தி, "ஏற்கெனவே புக்குல ஒரு கறுப்பு மை விழுந்தாச்சு. உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்றார். அவர் கேட்டதில் மிரட்டல் இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அலுப்பாக இருந்தது.

வருகிற வியாழக்கிழமைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஜெயிப்போமா என்று தெரியாது. நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த வேலை' என்று எழுதுவதுதான் வழக்கம். நான் 'சாட்சி சொல்லப் போகிறேன்' என்று எழுதினேன்.